குமிழி செத்தது சிரிஞ்சில், பழி விழுந்தது பிளாஸ்மிட் மேல்

மரபணு ஒட்டிய நுண்குமிழிகளை ரத்தத்தில் விட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் அல்ட்ராசவுண்டால் உடைத்து மரபணுவைச் செல்லுக்குள் புகுத்துவதுதான் என் வேலை. நாலு மாதத்துக்கு அப்புறம் போன வாரம்தான் லூசிபரேஸ் (மரபணு உள்ளே போய் வேலை செய்கிறது என்று ஒளியால் காட்டும் புரதம்) அளவு முதல்முறையாக ஏறியது, அதுவும் அல்ட்ராசவுண்ட் கொடுத்த தமனியில் மட்டும். மறுபக்கத் தமனி இருட்டாகவே இருந்தது. அந்த இருட்டைப் பார்த்துத்தான் எனக்கு நிம்மதி.

விலங்குச் சோதனை அனுமதிக்கு அலைந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். படிவத்தில் 'ஸ்கேன்', 'சிகிச்சை' என்று இரண்டு கட்டம், ஒன்றில்தான் டிக் அடிக்கலாமாம். ஒரே அல்ட்ராசவுண்ட் ப்ரோப் படமும் காட்டும், குமிழியையும் உடைக்கும் என்று விளக்கினால், "ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க சார்" என்றார் எழுத்தர். மூன்று வாரம் அதிலேயே போனது. கடைசியில் இரண்டு கோப்பாகப் போட்டேன்.

பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) தயாரிப்பு, செல் வளர்ப்பில் சிக்கல் இல்லை. சிக்கலெல்லாம் நுண்குமிழியில். கொழுப்பு உறை, உள்ளே பெர்ஃப்ளூரோகார்பன் வாயு, ஒரு சிவப்பணுவைவிடச் சின்னது. உறைக்கு நேர்மின்னூட்டம் கொடுத்தால் டிஎன்ஏ தானே ஒட்டிக்கொள்ளும். இவ்வளவு மென்மையான சரக்கை நான் மெல்லிய ஊசியில் சர்ரென்று இழுத்து, அதே வேகத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பாதி சிரிஞ்சிலேயே உடைந்துவிட்டது. குப்பியில் காற்று போக இன்னொரு ஊசி குத்தி, தடித்த ஊசியால் மெதுவாக எடுங்கள். எடுத்ததும் சிரிஞ்சைச் சும்மா வைக்காமல் உருட்டிக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் குமிழி எல்லாம் மேலே மிதந்து முதல் டோஸ் ஒரு மாதிரி, கடைசி டோஸ் ஒரு மாதிரி ஆகிவிடும்.

மிதக்கும் என்பது தெரிந்தும் வளர்ப்புத் தட்டில் அடியில் ஒட்டிய செல்களுக்குக் குமிழி ஊற்றி ஒரு மாதம் வீணடித்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. செல் ஒட்டிய மூடிய வளர்ப்புப் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பியதும், குமிழி செல்லோடு ஒட்டி நின்றது. அவ்வளவுதான் விஷயம்!

விலங்கில் இறங்கியபோது இன்னொரு அடி. திரையில் குமிழி வரவே இல்லை. பிளாஸ்மிட்டைக் குறை சொன்னேன், குமிழி செய்த பையனைத் திட்டினேன் (பாவம், மன்னிப்புக் கேட்டாகிவிட்டது). பார்த்தால் கருவி சாதாரண ஸ்கேன் அமைப்பில் இருந்திருக்கிறது. அந்த ஒலி அழுத்தத்தில் படம் எடுக்கும் துடிப்பே வந்த குமிழியை வந்த இடத்தில் உடைத்துக்கொண்டிருந்தது. திரை ஓரத்தில் மெக்கானிக்கல் இண்டெக்ஸ் என்று ஒரு எண் இருக்கும், துடிப்பு குமிழியை உடைக்கும் வலுவுக்கு அதுதான் அளவு. அதைக் குறைத்துக் கான்ட்ராஸ்ட் அமைப்பில் (குமிழியைத் தனியே எடுத்துக்காட்டும் அமைப்பு) பாருங்கள். தமனி வெளுத்து நிறைந்ததும் ஓங்கிய துடிப்பு ஒன்று, அப்புறம் புதுக் குமிழி வந்து நிறைய சில விநாடி விட்டு மறுபடி ஒன்று. விடாமல் அடித்தால் வெறும் ரத்தத்தைத்தான் அடிக்கிறீர்கள்.

ஒலி தடையில்லாமல் உள்ளே போகத் தோலில் பூசும் ஜெல்லில் காற்று இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். என் முதல் நல்ல நாள் அதனால்தான் பாழானது.