பத்துக்குப் பத்து அறையில் கானா ரெக்கார்டிங்

வடசென்னையில் வீட்டு ஸ்டுடியோ போடுகிறவர்கள் முதல் காசைக் கொட்டுவது மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்கில்தான். வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ சாதாரண ஜன்னல் வைத்த அறைக்கு அது தேவையே இல்லை. பாடுபவர் குரலோடு துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி, பேசின் பிரிட்ஜ் ரயில், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக் கொடுக்கும். கடல் காற்றில் ஈரம் ஏறினால் பொரிகிற சத்தமும் வரும். வைத்திருப்பவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

கானா பாடுபவர்கள் அடித்தொண்டையிலிருந்து சத்தமாகவே பாடுவார்கள். ஷ்யூர் கம்பெனியின் எஸ்எம்58 மாதிரி, பக்கத்துச் சத்தத்தையே அதிகம் பிடிக்கும் டைனமிக் மைக் போதும். வாய்க்கும் மைக்குக்கும் மூன்று அங்குலம். இன்னும் நெருங்கினால் குரலில் பேஸ், அதாவது கனத்த அடிச்சத்தம், வீங்கும். இது முன்பக்கச் சத்தத்தையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு வகை மைக், பின்பக்கம்தான் காது மந்தம். அந்த முதுகு ஜன்னலைப் பார்க்கட்டும். பாடுபவர் ஜன்னலைப் பார்த்து நிற்பார், அவர் முதுகுக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். முட்டை அட்டை ஒட்டுவது வெறும் அலங்காரம்.

ஃபேனை நிறுத்தித்தான் ஆகவேண்டும். வியர்க்கும், வேறு வழியில்லை. லாரியின் உறுமல் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால் கீழ்ச்சத்தத்தை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரில் 90 வைத்தால் நிறைய அடங்கிவிடும். ஹாரன் அப்படியில்லை, குரல் இருக்கும் இடத்திலேயே உட்காரும். ரெக்கார்டிங் மென்பொருளில் சேர்க்கும் எந்த ப்ளக்-இன்னும் அதைச் சுத்தமாக எடுக்காது. அந்த வரியை மட்டும் திரும்பப் பாடவைத்து அதே இடத்தில் பதிவதுதான் (பஞ்ச்-இன்) குறுக்கு வழி. ரெக்கார்டிங் செட்டிங் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். மைக் சத்தத்தை ஏற்றி இறக்கும் கெயினை, மீட்டரில் உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள்.

டோலக்குக்கு இரண்டு மைக், இரண்டு தோலிலிருந்தும் ஆறு அங்குலம் தள்ளி. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு பக்கம் அடித்ததும் அந்தத் தோல் உள்ளே போகும், எதிர்ப்பக்கத் தோல் வெளியே தள்ளும். ஒரு மைக்கில் அலை மேலே ஏறும்போது இன்னொன்றில் கீழே இறங்கும். இரண்டையும் சேர்த்தால் தொம் காணாமல் போய் டக் மட்டும் மிஞ்சும். சத்தத்தின் மேல், கீழ்ப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் பேஸை ஏற்றிப் பயனில்லை. ஒரு டிராக்கில் அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பட்டனைத் தட்டி, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து மோனோவில் கேளுங்கள். எதில் தொம் தடிமனாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உம்ம்ம் என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் எர்த் பிரச்சினை. எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பாக்ஸில் மாட்டுங்கள். பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், எர்த் ஒயர் இருக்காது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இரைச்சல் போகட்டுமென்று எர்த் பின்னை வெட்டுவது உயிரோடு விளையாட்டு.

மிக்ஸிங்கில் ஒரே எச்சரிக்கை. பத்தடிக்குப் பத்தடி அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸ் பேஸ் தேங்கும். உயரமும் பத்தடியென்றால் மும்மடங்கு தொல்லை. அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அந்த பேஸ் காதுக்கே எட்டாது, சுவரோரம் போனால் இடிக்கும். நடுவில் உட்கார்ந்து மிக்ஸ் செய்தவர் பேஸை ஏற்றிக்கொண்டே போவார், பாட்டு ஷேர் ஆட்டோ ஸ்பீக்கரில் கொழகொழவென்று வழியும். முன்சுவரிலிருந்து மூன்றே முக்கால் அடியில் காது இருக்கும்படி நாற்காலியைப் போடுங்கள். குரலின் ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும் கம்ப்ரஷன் 4:1, அது வேலை செய்யத் தொடங்கும் நேரமான அட்டாக் 10 மில்லிசெகண்ட், மீட்டர் ஊசி ஐந்து டெசிபல் இறங்கினால் போதும். குரலில் 300 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று டெசிபல் குறைத்தால் டோலக்குக்கு இடம் கிடைக்கும்.