டொராண்டோவில் முதல் வேலை: கணினிக்கு முன்னால் உட்காரும் முன்

வந்த வாரமே நூலகக் கணினியில் அமர்ந்து ஐம்பது இடத்துக்கு விண்ணப்பம் போடாதீர்கள். முதலில் அங்கே வரும் குடியமர்வு உதவியாளரை, அதாவது புதிதாக வந்தவர்களுக்கு வழிகாட்டுபவரை, பாருங்கள். டொராண்டோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள் உண்டு. இந்த உதவியாளர் சில கிளைகளில் மட்டும்தான் இருப்பார். ஃபோன் பண்ணி நேரம் பதியும்போதே தமிழ் பேசுபவர் உண்டா என்று கேட்டுவிடுங்கள். தமிழர் அதிகம் வாழும் கிழக்கு டொராண்டோப் பகுதியான ஸ்காப்ரோவில் கேட்டுப் பார்ப்பது நல்லது. சேவை இலவசம். ஆனால் மத்திய அரசுப் பணத்தில் நடப்பதால் நிரந்தர வதிவாளருக்கும் ஏற்கப்பட்ட அகதிகளுக்கும்தான் முக்கியமாகக் கிடைக்கும். அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்கள் மாகாண நிதியில் இயங்கும் அமைப்புகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

பாஸ்போர்ட், பிஆர் (நிரந்தர வதிவாளர்) அட்டை அல்லது குடியேற்ற உறுதிப்பத்திரம், டொராண்டோ முகவரியுள்ள கடிதம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். நூலக அட்டைக்கும் அடையாளமும் முகவரியும் வேண்டும்.

பலருக்கு வேலை தடைப்படுவது ரெசுமேயில்தான், அதாவது படிப்பும் அனுபவமும் எழுதிய விவரத்தாளில்தான். புகைப்படம், பிறந்த தேதி, மதம், திருமண நிலை, தகப்பன் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கம் போதும். "கணக்குப் பிரிவில் பணியாற்றினேன்" என்றால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. "மாதம் 300 பில்களைச் சரிபார்த்து, 12 கடைகளின் கணக்கை முடித்தேன்" என்றால் வேலை கண்ணுக்குத் தெரியும். அந்த எண்கள் உங்களுடைய உண்மையான எண்களாக இருக்க வேண்டும், கேட்டால் விளக்கத் தெரிய வேண்டும். ஒவ்வொரு விளம்பரத்திலும் உள்ள சொற்களைப் பார்த்து ரெசுமேயைத் திருத்துங்கள்.

சின் எண்ணை (கனடாவில் வேலை செய்ய அரசு தரும் சமூகக் காப்புறுதி எண்) ரெசுமேயில் எழுதவே கூடாது. வேலையில் சேர்ந்த பிறகு, 3 நாளுக்குள் கொடுத்தால் போதும். நேர்முகத்துக்கு முன்பே கேட்பவரிடமிருந்து விலகுங்கள்.

"கனடிய அனுபவம் உண்டா?" என்ற கேள்வி பலரைச் சோர வைத்திருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒன்டாரியோ (டொராண்டோ உள்ள மாகாணம்) நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் அதைத் தகுதியாகக் கேட்க முடியாது. எனவே ஊர் அனுபவத்தை மறைக்காதீர்கள்.

கணினியில் இன்னொரு சிக்கல்: மின்னஞ்சல் பழைய ஊர் ஃபோன் எண்ணோடு இணைந்திருந்தால் சரிபார்ப்புக் குறியீடு அங்கே போய்விடும், நூலகத்தில் கணக்கைத் திறக்கவே முடியாது. வீட்டிலேயே கனடிய எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். எழுதியதைப் பென்டிரைவிலோ மின்னஞ்சலிலோ சேமியுங்கள். வெளியேறியதும் கணினியில் விட்ட கோப்பு இருக்காது.