இன்றைக்கு எதை ரசித்தாய்?

ஒரு மாதமாக, இரவில் கடையை அடைத்ததும் என்னை நானே இப்படிக் கேட்டுக்கொள்கிறேன். முதல் வாரம் பதிலே வரவில்லை. பயந்துபோனேன்.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எனக்கு மளிகைக் கடை. 2018-ல் குறிஞ்சி பூத்தபோது மகளோடு பார்க்கப் போனேன். 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற பூ. நானோ செல்போனில் படம் எடுத்தே பொழுதைக் கழித்துவிட்டேன். அந்த நீலம் படத்தில் இருக்கிறது, மனசில் இல்லை. அது இன்னும் வலிக்கிறது. அடுத்தது 2030. அதுவரை காத்திருக்க எனக்கு மனமில்லை.

நேற்று பூம்பாறையிலிருந்து மலைப்பூண்டு வந்தது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, எங்கள் ஊர்ப் பெருமை. மூட்டையை அவிழ்த்ததும் காரமாக ஒரு வாசனை, கூடவே ஈரமண் வாசனையும். கண்ணை மூடி நின்றுவிட்டேன்.

“என்னக்கா, பூண்டு கெட்டுப்போச்சா?” என்று மூட்டை இறக்கிய தம்பி பதறினான்.

“இல்லப்பா, ரொம்ப நல்லாருக்கு. நீயும் மோந்து பாரு.”

அவனும் குனிந்து முகர்ந்தான். நேற்றைய பதில் அதுதான். அப்புறம், நாலு மணிக்கு மேகம் இறங்கி எதிர்க்கடையே மறைந்தபோது குடித்த சுக்குக் காப்பி.

இன்றைக்கு இன்னும் கேட்கவில்லை. கடை அடைக்க அரைமணி நேரம் இருக்கிறது.