இட்லி மாவுக்குப் பக்கத்தில் ஒரு பீட்சா மாவு

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு டப்பாவும் உண்டு. பிரெட்டுக்கும் பீட்சாவுக்கும் ஒரே மாவு. அரை கிலோ மைதா, 325 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, 3 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு ஸ்பூன் எண்ணெய். கோதுமை மாவு கலந்தால் தண்ணீர் கூடக் கேட்கும்.

வெளிநாட்டு வீடியோக்களில் இரண்டு மணி நேரம் பொங்க விடச் சொல்வார்கள். நம்ம சித்திரை வெயிலில் அதற்கு வெகு முன்பே மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அதனால் ஐஸ் தண்ணீரில் பிசைவதே நல்லது. பிசைந்தது போதுமா என்று பார்க்க, சின்ன உருண்டையை விரல்களால் மெல்ல விரித்துப் பாருங்கள். கிழியாமல் வெளிச்சம் தெரிந்தால் சரி. ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் இருந்தால் ருசியே வேறு.

பீட்சாவுக்கு ஓவன் கட்டாயமில்லை. காய்ந்த இரும்பு தோசைக்கல்லில் தட்டிப் போட்டு, அடியில் கரும்புள்ளி விழுந்ததும் திருப்பி, தக்காளி விழுதும் சீஸும் போட்டு, தீயைக் குறைத்து மூடினால் ஆச்சு.

பிரெட்டுக்கு ஓவன் வேண்டும்: 200 டிகிரி, அரை மணி நேரம். அப்புறம், ஆறும்வரை வெட்டாதீர்கள், உள்ளே பிசுபிசுக்கும். எங்கள் வீட்டில் இதை யார் கேட்கிறார்கள்!