106 மணி நேரம்

மார்ச் 3, திங்கள்

கண்ணுக்குள் புற்றுக்கட்டி உள்ள ஒரு அம்மாவுக்குக் காலை 9 மணிக்கு பிளேக் வைத்து முடித்தோம். காசு அளவில் ஒரு தங்கத் தட்டு, அதன் குழிவில் அரிசி மணியை விட மெலிந்த, கதிர் வீசும் அயோடின்-125 விதைகள். தியேட்டர் விளக்கைக் குறைத்துவிட்டு கண் சர்ஜன் பாவை வழியாக ஒளி பாய்ச்சினார். விழியின் வெள்ளையில் கட்டியின் நிழல் விழுந்தது. அதன் ஓரத்தைப் பேனாவால் சுற்றி வரைந்து, கதிர் இல்லாத டம்மித் தட்டை வைத்துப் பார்த்த பிறகுதான் நிஜத் தட்டைத் தைத்தார். கட்டியின் உச்சிக்கு 85 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு) போய்ச் சேர 106 மணி நேரம் ஆகும். வெள்ளி மாலை 7 மணிக்கு எடுக்க வேண்டும்.

போன வாரம் அந்த அம்மா கேட்டார்: "கண்ணு தங்குமா டாக்டர், பார்வை தங்குமா?" இரண்டும் வேறு கேள்வி என்பது என் ஜூனியர்களுக்கே சட்டென்று பிடிபடாது. கண் பெரும்பாலும் தங்கும், விழித்திரையில் கூர்மையான பார்வை தரும் நடுப்பகுதியான மாக்குலாவைக் கட்டி ஒட்டியிருப்பதால் பார்வை சில வருஷத்தில் மங்கிவிடும் என்றேன். கண்ணையே எடுத்துவிட்டால் உயிருக்கு இன்னும் நல்லதா என்றார். இல்லை. இந்த மாதிரி நடுத்தர அளவுக் கட்டி உள்ள 1,317 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கண்ணை எடுத்து, மறு பிரிவுக்கு இதே மாதிரித் தட்டு வைத்துப் பார்த்த காம்ஸ் ஆய்வில், 12 வருஷம் கழித்தும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் தெரியவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

மூளைக் கட்டிக்குக் கதிர் சிகிச்சைக்கு வரும் இளைஞர், தலையை அசையாமல் பிடிக்கும் மாஸ்க்குக்குள் கண்ணை மூடியிருந்தும் நீல வெளிச்சம் தெரிகிறது என்றார். மூளை குழம்பிவிட்டது என்று பயந்து மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லையாம். கதிர் விழித்திரையைத் தொட்டால் சிலருக்கு அப்படித் தெரியும். முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 5, புதன்

கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கான கதிர் பிளான். கட்டிக்கு 30 தடவையில் 60 கிரே; பக்கத்திலேயே பார்வை நரம்புகள் குறுக்கிடும் கயாஸம், அதற்கு 54-ஐத் தாண்டவிடுவதில்லை. ஜூனியர் ஸ்கேன் படத்தில் கயாஸத்தை ஒரு ஸ்லைஸ் (ஒரு அடுக்கு) கீழே வரைந்திருந்தார். நான் படிக்கும்போது இதே தப்பைச் செய்து, பிளான் கிட்டத்தட்ட மெஷினுக்கே போய்விட்டது, தப்பைக் கண்டுபிடித்தவர் கதிர் அளவைச் சரிபார்க்கும் ஃபிசிசிஸ்ட். திட்ட வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எம்ஆர்ஐயில் சேர்ந்து வரைந்தோம். வேலையில் பாதி இந்தக் கோடு போடுவதுதான்.

மார்ச் 6, வியாழன்

ஓபி. வேறொன்றுமில்லை.

மார்ச் 7, வெள்ளி

7 மணிக்குத் தட்டை எடுத்தோம். விதைகளை எண்ணிச் சரிபார்த்து ஈயப் பெட்டியில் வைத்தோம். கதிரை அளக்கும் சர்வே மீட்டரைக் கண்ணருகே பிடித்தேன், ஒன்றும் இல்லை. மயக்கம் தெளிந்ததும் அந்த அம்மா பார்வையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "இனிமே பேரனைத் தூக்கலாமா?"

தாராளமா தூக்குங்கம்மா.