ஈயச் சொம்பில் ஒரு ஆச்சி

ஜனவரி 14, புதன்

போகிக்கு இரண்டாங்கட்டு அறையை ஒழித்தபோது ஐயாவின் (அப்பாவைப் பெற்ற தாத்தா) பண்ணைப் பொம்மைப் பெட்டியையும் வெளியே எடுத்தேன். 1938இல் ரங்கூனிலிருந்து வந்தபோது ஐயா கொண்டு வந்தது. பிரிட்டன்ஸ் என்ற இங்கிலாந்துப் பொம்மைக் கம்பெனியின் ஈயப் பொம்மைகள். பசு மூன்று, குதிரை இரண்டு, ஆடு ஐந்து, கொஞ்சம் வேலி, தொப்பி போட்ட பண்ணைக்காரர் ஒருவர். பால் கறக்கும் பெண்ணைக் காணோம். அவள் உட்காரும் முக்காலி மட்டும் இருக்கிறது.

இரண்டு ஆடுகளின் காலில் சாம்பல் நிறப் பொடி பூத்திருந்தது. காற்றில்லாமல் அடைத்து வைத்த மரப்பெட்டியில், மரத்திலிருந்து கிளம்பும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று பூட்டி வைத்ததே கெடுதலாகிவிட்டது. எல்லாவற்றையும் கண்ணாடித் தட்டுக்கு மாற்றினேன். துடைத்த துணியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையை இரண்டு தடவை கழுவினேன். இது காரீயம், விஷம், விளையாட்டில்லை. பேரப்பிள்ளைகள் பார்க்கலாம், தொடக்கூடாது.

ஜனவரி 18, ஞாயிறு

அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) 84 வயது. பட்டாலையில் உட்கார்ந்து ஒவ்வொரு பசுவாகக் கையில் வாங்கிப் பார்த்தார். "பால்காரி எப்பவோ தொலைஞ்சு போச்சு ஆத்தா. நாங்க மரப்பாச்சியைத்தான் நிறுத்தி வைப்போம். பசு அதோட முழங்காலுக்குத்தான் வரும்."

தொலைந்த பால்காரியைப் போலவே ஒன்றை அச்செடுத்து வாங்க முடியும். ஆனால் எண்பது வருஷத்துக்கு மேல் இந்த வீட்டு வளவில் இருந்த பண்ணை இது. பால் செம்போடு ஒரு ஆச்சி நின்றால்தான் எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. பின்கொசுவம் வைத்துக் கட்டிய கண்டாங்கி, கொண்டை, இடது கையில் செம்பு. வரைந்து, கணினியில் உருவம் செய்து அச்சிட்டுத் தரும் ஒருவருக்கு அனுப்பினேன்.

பிப்ரவரி 7, சனி

பொம்மை வந்தது. பிரித்ததும் மனசு விட்டுப்போயிற்று. ஆச்சி பண்ணைக்காரரை விட உயரம்!

54 மில்லிமீட்டர் என்றுதான் சொல்லியிருந்தேன். அவர் பாதத்திலிருந்து கண் வரைக்கும் 54 வைத்திருக்கிறார். சிலர் அப்படித்தான் அளப்பார்களாம். நெற்றியும் கொண்டையும் சேர்ந்து 59 ஆகிவிட்டது. தப்பு என் பக்கமும் உண்டு. 54 என்பது ஆம்பிளை உயரம். பொம்மை நிஜத்தில் 32இல் ஒரு பங்கு என்று கணக்கு வைத்தால் ஆள் 5 அடி 8 அங்குலம். எங்கள் அப்பத்தா 5 அடி 1 அங்குலம் இருந்தால் அதிகம். அவரை 32ஆல் வகுத்தால் 48 மில்லிமீட்டர்தான்.

அளவைத் திருத்திவிடலாம். சாயல்தான் ஒட்டவில்லை. இந்த ஆச்சிக்கு நகம் தெரிகிறது, கன்னத்தில் சுருக்கம் தெரிகிறது. பழைய பொம்மைகளில் மூக்கு ஒரு மேடு, கண் இரண்டு புள்ளி, அவ்வளவுதான். பக்கத்தில் நிறுத்தினால் வேறு ஊர்க்காரி மாதிரி நிற்கிறாள்.

பிப்ரவரி 11, புதன்

மரத்தில் செதுக்கி வாங்கி, அதில் அச்செடுத்து ஈயத்தில் வார்க்கலாம் என்று காரைக்குடிக்குப் போய் ஆசாரியைப் பார்த்தேன். கதவு நிலையில் கஜலட்சுமி செதுக்குகிற கை. பண்ணைக்காரரையும் எடுத்துப் போயிருந்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது செதுக்குன மாதிரி இல்ல ஆச்சி, தேய்ச்ச மாதிரி இருக்கு. அதுதான் அழகு" என்றார். நான் நாலு நாளாகச் சொல்லத் தெரியாமல் தவித்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். தேக்கில் நார் ஓடும், இவ்வளவு சின்ன மூக்கு நிற்காது என்று மஞ்சக்கடம்பு எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மர ஆச்சி தயார். 48 மில்லிமீட்டர், உருண்டை முகம். கண் நிறைந்துவிட்டது.

திரும்பும் வழியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றினேன். எனாமல் தூக்குகள், ரவிவர்மா படங்கள், ஒரு தகர ரயில். ஒரு கடைக்காரர் ஆச்சியைப் பார்த்துவிட்டு, வார்த்த பிறகு கொண்டு வாங்க, பழசு மாதிரி ஆக்கித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். புதுசு புதுசாகவே இருக்கட்டும். அடித்தட்டின் கீழே வருஷமும் என் முதலெழுத்தும் இருக்கும். நாளைக்கு இதே தெருவில் யாரும் ரங்கூன் பொம்மை என்று விற்றுவிடக்கூடாது.

மார்ச் 1, ஞாயிறு

இன்று வார்ப்பு. அப்பத்தாவின் ஈயச் சொம்பு ஒன்று அடி உருகி ஓட்டையாகிக் கிடந்தது. ரசம் இல்லாமல் அடுப்பில் வைத்துவிட்டார்கள். ரசச் சொம்பு வெள்ளீயம், 232 டிகிரியில் உருகும். பழைய பொம்மையின் காரீயத்துக்கு 327 வேண்டும். பிரிட்டன்ஸ் கம்பெனியே 1966இல் காரீயத்தை விட்டுவிட்டது, நான் ஏன் தொட வேண்டும்?

சூடு தாங்கும் சிலிக்கான் அச்சு, உள்ளே முகப்பவுடர் தூவினேன். முதல் ஆச்சிக்குச் செம்பு வரவில்லை. இரண்டாவதற்குக் கொண்டை இல்லை. அச்சைக் கொஞ்சம் சூடுபடுத்தி ஊற்றியதில் மூன்றாவது முழுசாக வந்தது. அதே கம்பெனியின் வில்லியம் பிரிட்டன் 1893இல் கண்டுபிடித்த முறைப்படி, ஓரம் உறைந்ததும் நடுவில் இருக்கும் ஈயத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட வேண்டும். பொம்மை உள்ளே கூடாகி எடை குறையும், செலவும் குறையும். நானும் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. என் ஆச்சி கெட்டியானவள்.

மார்ச் 8, ஞாயிறு

நாலு நாளாக வர்ணம். கண்டாங்கிக் கட்டம்தான் சோதனை. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய புடவை, ஏனோதானோ என்று போட மனசு வரவில்லை. மஞ்சள் அடித்துக் காயவிட்டு, அரக்கு நிறத்தில் நெடுக்குக் கோடு, அப்புறம் குறுக்குக் கோடு. கொசுவத்தின் மடிப்பில் கட்டம் உடைய வேண்டும், இல்லாவிட்டால் அட்டை ஒட்டியது போல் ஆகிவிடும். இரண்டு தடவை அழித்துப் போட்டேன். கடைசியில் பழையவற்றைப் போலவே பளபளப்பு வார்னிஷ், அடித்தட்டுக்குப் பச்சை.

மார்ச் 9, திங்கள்

காலையில் அப்பச்சியின் முன்னால் பலகை போட்டுப் பண்ணையை அடுக்கினேன். சிவப்புப் பசுவின் பக்கத்தில் ஆச்சி. ரொம்ப நேரம் பார்த்தார். கொசுவத்தைப் பார்க்கத் திருப்பி வைக்கச் சொன்னார்.

"செம்பெல்லாம் சரிதான் ஆத்தா. கன்னு எங்கே? கன்னை அவுத்து விடாம எந்தப் பசு பால் சுரக்கும்?"

பெட்டியை மறுபடி தேடினேன். கன்றுக்குட்டி இல்லை. தெருவில் இரண்டு மாதக் கன்று ஒன்று நின்றது. டேப்பை வைத்து அளந்தேன், 70 சென்டிமீட்டர். வகுத்தால் 22 மில்லிமீட்டர். ஆசாரிக்குப் போன் போட்டேன். மஞ்சக்கடம்பு மிச்சம் இருக்கிறதாம்.