வஜ்ஜிரமும் அக்ரிலிக்கும்: ஒரு தங்காவின் நாட்குறிப்பு

ஜனவரி 8
திபெத்திய பௌத்தத் துணி ஓவியமான தங்காவை, பாதி மரபிலும் பாதி அக்ரிலிக்கிலும் தீட்டும் முயற்சி இது. காடாத் துணி, 60 x 80 செ.மீ. ஓரங்களில் மெல்லிய குச்சி வைத்துத் தைத்து, வெளிச்சட்டத்தோடு கயிறு பின்னி இழுத்தாயிற்று. ஆணி கிடையாது, தொய்ந்தால் கயிற்றை இறுக்கிக்கொள்ளலாம். லிட்டர் தண்ணீருக்கு 70 கிராம் வஜ்ஜிரம் (விலங்குத் தோலில் காய்ச்சும் பசை). இரவு ஊறவிட்டு, காலையில் 60 டிகிரிக்குள் கரைக்க வேண்டும். கொதித்தால் பசையின் வலு போய்விடும்.

ஜனவரி 10
அதே பசையில் சாக் பொடி, மோர்ப் பதத்தில். இரண்டு பக்கமும் மும்மூன்று பூச்சு. காய்ந்தபின் லேசாக ஈரம் காட்டி, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்ப்பு. பசை கூடினால் சுருட்டும்போது வெடிக்கும். குறைந்தால் விரலில் மாவாக ஒட்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது இடது மூலையில் ஊசித் துளைகள். அங்கே மட்டும் இன்னொரு பூச்சு.

ஜனவரி 13
நடுக்கோடு, பிறகு கட்டங்கள். புத்தருக்கு 125 விரல் அளவு. நம் ஸ்தபதிகள் பெருந்தெய்வ உருவங்களுக்கு வைக்கும் அளவான உத்தம தசதாளம் 124 அங்குலம் (இதுவும் விரல் அளவுதான்), பங்காளிக் கணக்குதான்.

இந்தக் கட்டத்தைத்தான் ஓவியர் ஷெரின் ஷெர்பா முறுக்குகிறார். 1968இல் காத்மாண்டுவில் பிறந்தவர், தந்தை உர்கென் டோர்ஜேயிடம் தங்கா பயின்றவர், 1998இல் கலிபோர்னியா போனவர். 2022 வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் நேபாளத்தின் முதல் அரங்கு அவருடையது. 2015 நிலநடுக்கத்துக்குப் பின் வந்த ‘லக்ஸேஷன் 1’ஐப் பாருங்கள்: தெய்வ உருவம் 16 கான்வாஸ்களில் மூட்டு நழுவிக் கிடக்கிறது, தலைப்பின் பொருளும் அதுதான். ஆனால் விரல், நகம், அணிகலன் எல்லாம் இலக்கணம் பிசகாதவை. அளவு தெரியாதவர் முறுக்கினால் கை கோணலாகத் தெரியும், முறுக்கியதாகத் தெரியாது. அதனால் இங்கும் முழு உருவத்தை நேராக வரைந்து முடித்தபின்தான் இடுப்புக்குக் கீழே சுழற்சி.

ஜனவரி 19
மேல்பாதி வஜ்ஜிரத்தில் குழைத்த கனிம வண்ணம், சுழலும் கீழ்ப்பாதி அக்ரிலிக். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். அக்ரிலிக் மேல் வஜ்ஜிர வண்ணம் மட்டும் கூடாது. பிளாஸ்டிக் தோல் பசையை உறிஞ்சாது, செதிலாக உரியும். அக்ரிலிக்கையும் ஈரமாகத் திரும்பத் திரும்பத் தேய்த்தால் அடிப்பூச்சு கரைந்து தூரிகையோடு வந்துவிடும். மெல்லிய பூச்சு, காயவிட்டு அடுத்தது.

அசுரைட் நீலத்தை அரைக்க அரைக்க வெளுக்கும். வானத்துக்குக் கரகரப்பான பொடிதான் வேண்டும். மஞ்சள் கனிமமான அரிதாரம் ஆர்செனிக் நஞ்சு, முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். மாலகைட் போன்ற செப்புப் பச்சையோடு கலந்தால் நாளடைவில் கறுக்கும்.

பிப்ரவரி 2
தங்கம். பொடியை நீர்த்த வஜ்ஜிரத்தில் குழைத்துத் தீட்டி, அகேட் கல்லால் மெருகு. கெட்டியான சாக் அடிப்பூச்சின் மேல் கண்ணாடி மாதிரி வந்தது. சோதனைத் துண்டில் அக்ரிலிக் மேல் முயன்றதில் கல் பள்ளம் போட்டதுதான் மிச்சம். அடியில் இருப்பது மெத்தை. அங்கே தங்க இலை (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டுவதுதான் வழி. இலை வேண்டாத இடத்திலும் ஒட்டிக்கொள்ளும், எனவே முதலில் டால்கம் பவுடரைத் தூவித் தட்டிவிட வேண்டும்.

பிப்ரவரி 5
கண் திறப்பு கடைசி வேலை. பின்பக்கம் நெற்றி, தொண்டை, இதயத்துக்கு நேரே ஓம், ஆ, ஹூம்.

பட்டுக்கரை தைத்துச் சுருட்டுவது மரபு. இதைச் சுருட்டக் கூடாது: 10 டிகிரிக்குக் கீழே அக்ரிலிக் விறைக்கும், காத்மாண்டுக் குளிர்கால இரவில் சுருளைப் பிரித்தால் படலம் பிளக்கும். கட்டைச் சட்டத்துக்கு மாற்றி, சுவரை ஒட்டாமல் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு மாட்டியாயிற்று.